விடுபட்ட ஐந்தாம் அத்தியாயம்

நார்த்மீட், சிட்னி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள இளங்கீரன் மாஸ்டருக்கு,

உங்கள் சுகத்துக்கு நல்லூரானை வேண்டிக்கொண்டு யோகராணி எழுதுவது. இரத்தம் சுத்திகரிக்கக் கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறீர்கள் என்று உங்கள் மகள் லக்சிகா சொன்னாள். "புத்தகம் எப்ப வரும் ரீச்சர், ஒருக்காக் கையிலை பிடிச்சுப் பாக்கோணும்" என்று நீங்கள் அனுப்பிய குரல் செய்திக்கு மூன்று கிழமையாக நான் பதில் போடவில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை, மாஸ்டர். அதனால்தான் கடிதம்.

புத்தகம் வந்துவிட்டது. முந்நூறு பிரதி. அட்டையில் தேசாதிபதி தொப்பியும் வாளுமாக வடிவாய் நிற்கிறார். இங்கே பள்ளிக்கூடத்தில் ஒல்லாந்தக் கப்பல்களைப் பற்றிப் படிக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு, நம் ஊரை ஆண்ட ஒல்லாந்தத் தேசாதிபதி ஒருவரின் வாழ்க்கையைத் தமிழில் எழுதித் தாருங்கள் என்று உங்களைக் கேட்டது நான்தான். ஒரு வரியும் வெட்ட விடமாட்டேன் என்று வாக்குத் தந்ததும் நான்தான்.

ஐந்தாம் அத்தியாயம் இல்லை. தோம்பு என்ற ஒல்லாந்தர் பதிவேட்டில் சாதி பார்த்துப் பெயர் பதிந்து, கூலியில்லாமல் கோட்டைக்குக் கல் சுமக்க வைத்தார்களே உங்கள் முப்பாட்டன்மாரை, அந்த அத்தியாயம் முழுவதும் போய்விட்டது.

எல்லாம் என் மடத்தனம். புத்தகத்தை அச்சிட்ட எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் தலைவர் தன் வாழ்த்துரையையும் படத்தையும் தவிர வேறொன்றும் வாசிக்க மாட்டார் என்று நம்பி, முழுப் பிரதியையும் கொடுத்தேன். இந்த முறை மனுஷன் வாசித்துத் தொலைத்தார். கூட்டத்தில், "பிள்ளையள் வீட்டை போய் நாங்கள் என்ன ஆக்கள் எண்டு கேக்குங்கள், தேவையே?" என்றார். சிவகௌரி அன்ரி, "இஞ்ச வந்தும் உந்தக் கதையே?" என்று தலையில் கை வைத்தா. போன மாதம் தன் மகனுக்குப் பெண் பார்க்க எனக்கே போன் எடுத்து, எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், கோயிலுக்கு எந்த வீதி என்று துருவித் துருவிக் கேட்ட அதே மனுஷி!

நான் எழும்பிக் கத்தினேன் என்று எழுத ஆசைதான். இரண்டு வசனம் சொன்னேன். என் கணவர் சிறி மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினார். எங்கள் மகளுக்கும் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறோம். வெட்ட விரும்பாதவர்கள் கை தூக்குங்கள் என்றபோது என் கை மடியிலேயே கிடந்தது.

இப்போது நான்காம் அத்தியாயத்தின் முடிவில் வெறும் கடற்கரை. பக்கத்தைத் திருப்பினால் கோட்டை நிற்கிறது. என் வகுப்பில் எட்டு வயது வினுஷா, "கவர்னர் தனியாவா ரீச்சர் கட்டினவர்?" என்று கேட்டாள். அன்றைக்கே உங்கள் அத்தியாயத்தைப் பிரதி எடுத்து, வகுப்பில் பதினான்கு பிள்ளைகளின் புத்தகங்களிலும் செருகிவிட்டேன்.

நேற்று பதின்மூன்று திரும்பி வந்தன, அழகாக மடித்து. "மாறி வந்திட்டுது போல ரீச்சர்" என்று ஒரு தாய் சிரித்துக்கொண்டே நீட்டினா. நானும் சிரித்துக்கொண்டே வாங்கினேன், மாஸ்டர். வெட்கங்கெட்டவள். வினுஷாவுடையது மட்டும் வரவில்லை. வைத்திருக்கிறார்களோ, குப்பையில் போட்டார்களோ, கேட்கப் பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு வருவீர்கள். எனக்குக் கண்ணாடிக் கிளாசிலும், உங்களுக்கென்று குசினிக்கு வெளியே வைத்திருந்த தகரப் பேணியிலும் அம்மா தேத்தண்ணி ஊற்றுவா. குடித்துவிட்டு நீங்களே கிணற்றடியில் கழுவிக் கவிழ்த்து வைப்பீர்கள். அந்தப் பேணியை உங்களிடம் நீட்டியது என் கை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக நீங்களும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இத்துடன் ஒரு புத்தகம் அனுப்புகிறேன். திரும்பி வந்த தாள்களில் ஒரு தொகுதியை நான்காம் அத்தியாயத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ஒட்டிப் பார்த்தேன், ஒட்டு நிற்கவில்லை. திறக்கும்போது கீழே விழும், கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏச வேண்டுமென்றால் வாய் நிறைய ஏசுங்கள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். தை மாதம் ஊருக்கு வர டிக்கெட் பார்க்கிறேன். அதுவரைக்கும் உடம்பைக் கவனமாகப் பாருங்கள், மருந்தைத் தவறவிடாதீர்கள். எத்தனையோ தரம் உங்கள் வீட்டுப் படலை வரைக்கும் வந்தும், ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் திரும்பிப் போனவள் நான். இந்த முறை உள்ளே வந்து, நீங்கள் எந்தப் பேணியில் தந்தாலும் குடிக்க வேண்டும். அதற்காவது இருங்கள், மாஸ்டர்.

இப்படிக்கு,
உங்கள் ரீச்சர்
யோகராணி