காலெடுத்தால் முனகும் கார்

இதை எடுத்தவர் யாராக இருந்தாலும் இங்கேயே மூடிவிடுங்கள். கும்பிட்டுக் கேட்கிறேன். யாருக்கும் காட்டாதீர்கள். ராவுத்தர் கடைப் பக்கம் கொண்டு போகவே போகாதீர்கள். அப்பாவுக்கு வேலை போய்விடும். எங்காவது சொல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

தை 12, திங்கள்

பனி. பள்ளிக்கூடம் போகும்வரை மலையே தெரியவில்லை. கணக்கு பாதிதான் முடித்தேன்.

அப்பா ஓட்டுவது ராவுத்தர் முதலாளியின் கார். தினமும் காரவள்ளியிலிருந்து சேந்தமங்கலம். மலையிலிருந்து மிளகும் வாழைத்தாரும் சுமந்து இறங்குகிறவர்களோடு நானும், பள்ளிக்கூடத்துக்கு. பின் ஆக்ஸிலுக்குள் பல்சக்கரம் தேய்ந்துபோய், போன வாரம் அப்பாவே பெரிய சக்கரம், சின்னச் சக்கரம் இரண்டையும் மாற்றினார். யுத்தத்தால் புது சாமான் வருவதில்லை. சேலத்தில் உடைந்த கார் ஒன்றிலிருந்து கழற்றியது.

இன்றுதான் முதல் ஓட்டம். ஊர் தாண்டியதும் பின்னாலிருந்து 'ஊ...' என்று ஒரு முனகல். நிற்கும், மறுபடி வரும்.

மலைமேல் எடப்புளி நாட்டு மிளகுக்காரர் குனிந்து பார்த்தார். "ஏனுங்க டிரைவரே, சீட்டுக்கடியில நாய்க்குட்டி வெச்சிருக்கறீங்களா? பாலு கேட்டு அழுவுதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் கண்ணாடியில் எங்கள் முகங்களைப் பார்த்த பிறகு.

சாயங்காலம் ராவுத்தர் வந்தார். "வண்டி பூரா ஒப்பாரியா இருக்குதாமே? சனிக்கிழமை நாமக்கல்லு போயி எம்மகள அழைச்சுட்டு வரோணும். மாசமா இருக்கற புள்ள. அதுக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டி வேற டிரைவர பாத்துக்கறேன்."

"சத்தமுங்களா? நல்லாத்தானுங்க ஓடுது" என்றார் அப்பா.

அவர் பொய் சொல்ல மாட்டார். அதனால்தான் பயம்.

தை 13, செவ்வாய்

குளிர். அம்மா ராகிக் களி கிண்டியிருந்தாள். எனக்கு இறங்கவில்லை.

வண்டிக் கொட்டகையில் அப்பா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். "அப்பா" என்றேன். திரும்பவில்லை. இன்னொரு முறை. திரும்பவில்லை. ஒரு சாவியைக் கீழே போட்டேன். அதற்கும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கார்க் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து வந்தார்.

என் கண்ணைத் துடைத்தார். பிறகு, "பெரிய சத்தம் கேக்குது கண்ணு. வண்டி ஆரனு கேக்குது. வாயப் பாத்தா பேச்சும் புரியுது. மெல்லிசா வார சத்தம் மட்டும் போயிருச்சு."

"எப்ப இருந்து?"

"தெரியல சாமி. கேக்காம போனது எப்படித் தெரியும்?"

நின்ற வண்டி என்றால் அவருக்குக் கவலை இல்லை. இரும்புக் கம்பியின் ஒரு முனையை இன்ஜின்மேல் வைத்து மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொள்வார். எலும்பு வழியாகச் சத்தம் வருமாம். ஓடுகிற வண்டியில் ஆக்ஸிலைக் கடிக்க முடியுமா?

அம்மாவிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார்.

தை 14, புதன்

வெயில் நன்றாக அடித்தது. தலைவலி என்று பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா ஏனோ திட்டவில்லை.

வண்டியில் நாங்கள் இருவர் மட்டும். அப்பாவின் தோளில் என் கை. முனகல் வந்தால் அழுத்த வேண்டும், நின்றால் எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் ஒன்றும் ஒத்துவரவில்லை. மேட்டில் அழுத்தினேன். சமதளத்தில் அழுத்தினேன். அப்பா குழம்பிப்போய் நிறுத்தினார். அப்போதுதான் பின்னால் பார்த்தேன். மசகு போடாத அச்சோடு ஒரு கட்டை வண்டி, கீச் கீச்சென்று. இத்தனை நேரம் அதற்குத்தான் அழுத்திக்கொண்டிருந்தேன். சொன்னதும் அப்பா ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். "மாட்டையும் சேத்து ரிப்பேர் பண்ணிரலாமா?"

வண்டிக்காரர் போகிற போக்கில், "என்னுங்க, மோட்டாரு படுத்துக்கிச்சா? கட்டி இழுக்கக் கவுறு வேணுமுங்களா?"

அவர் மறைந்த பிறகு மறுபடி. பெடலை மிதித்து ஏறும்போது சத்தமில்லை. வளைவில் திரும்பும்போதும் இல்லை. இறக்கத்தில் காலை எடுத்தார், உடனே முனகல். மிதித்தார், நின்றது. எடுத்தார், வந்தது. எத்தனை தடவை போனாலும் அப்படியேதான்.

"சக்கரத்து பேரிங்னா எந்நேரமும் கத்தும்" என்றார். "திரும்பையில கத்துனா உள்ள இருக்கற குட்டிப் பல்லுங்க. இது காலெடுத்தா மட்டுந்தானே? அப்ப சின்னச் சக்கரந்தான். நாந்தான் சரியா உக்கார வெக்கல." பிறகு ரோட்டைப் பார்த்தபடியே, "முன்னெல்லாம் மாட்டுனதும் ஓட்டிப் பாத்தே கண்டுபுடிச்சிருவேன்."

வீடு வரும்வரை கையை எடுக்கவில்லை. சத்தம் இல்லாதபோதும்.

தை 15, வியாழன்

மறுபடி பனி. பூகோளப் பரீட்சை, சுமார்.

ஆக்ஸிலைத் திறந்தாயிற்று. பல் எந்த இடத்தில் உரசுகிறது என்று பார்க்கச் சிவப்புச் சாயம் வேண்டும். சுவருக்கு அடிக்கும் காவி இருக்கிறதே என்றேன். அதில் மணல் இருக்கும், பல்லைத் தின்றுவிடும் என்றார். குங்குமம் கேட்க என்னை அனுப்பினார்.

அம்மா எதற்கென்று கேட்கவில்லை. டப்பாவோடு கொடுத்தாள். "வெளக்கெண்ண ஊத்திக் கொழைக்கச் சொல்லு." திரும்பினேன். "கண்ணு, அப்பாவுக்கு எடது பக்கமா நின்னு பேசு. அந்தக் காதுல இன்னும் கொஞ்சம் கேக்குது."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் எப்போதும் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தே சோறு போடுவது ஏன் என்று நான் யோசித்ததே இல்லை.

பல்லில் குங்குமம் பூசிச் சக்கரத்தைச் சுற்றினோம். சாயம் பல்லின் அடியில் அழிந்திருந்தது. நடுவில் அழிய வேண்டுமாம். சின்னச் சக்கரம் உள்ளே அதிகம் போய்விட்டது. அதன் பின்னால் இருந்த மெல்லிய தகடுகளில் ஒன்றை எடுத்தார், நட்டை முறுக்கினார். மறுபடி பூசி, மறுபடி சுற்றி. இப்போது அழிந்தது நடுவில், நெற்றிப் பொட்டு அளவில்.

அப்பாவின் விரலெல்லாம் சிவப்பு. அம்மா பார்த்துவிட்டு, "கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் கொட்டிப் பூசுனீங்க" என்றாள். இடது பக்கம் நின்று.

தை 16, வெள்ளி

காற்று. கை சில்லிட்டிருக்கிறது. சீக்கிரம் எழுதிவிட வேண்டும்.

காலையில் ராவுத்தர் முன் சீட்டில். நான் பின்னால், அப்பாவின் தோளில் கை. ஏற்றம், இறக்கம், வளைவு. அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. சத்தமே இல்லை! அழுதுவிடுவேன் போலிருந்தது.

வாய்க்கால் பாலம் தாண்டியதும் ராவுத்தர் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு, "ஏம்ப்பா, நாய்க்குட்டிய எங்க எறக்கி உட்ட?" என்றார்.

முகம் அந்தப் பக்கம். அப்பாவுக்கு வாய் தெரியவில்லை. பதில் சொல்லாமல் ஓட்டினார். நான் சத்தமாகச் சிரித்து, தோளை அழுத்தினேன். அப்பா தடுமாறி, "சத்தம் வருதா?" என்றார் என்னிடம்.

ராவுத்தர் திரும்பினார். அப்பாவைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

பள்ளிக்கூடத்தில் இறங்கும்போது ராவுத்தர் மெதுவாக, "பாப்பா, தெனமும் இப்படித்தான் புடிச்சுட்டு வருவியா?"

"வண்டியில பயமுங்க."

"ம்." தாடியைத் தடவினார். "ராத்திரி ஊட்டுக்கு வாரேன்னு அப்பாகிட்டச் சொல்லு."

சொன்னேன். அப்பா குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். "அவரு கேக்கறதுக்கு முன்னால நானே சொல்லிர்றேன் கண்ணு. நாளைக்கு மாசமான புள்ளைய ஏத்தோணும். சொல்லாம ஏத்தப்படாது. வேண்டாம்னா சாவியக் குடுத்துர்றேன்."

"நான் கூட வந்து கேட்டுச் சொல்றேனே?"

"தெனமும் தலவலின்னு சொல்லுவியா?" என்று தலையில் கை வைத்தார். கை கனமாக இருந்தது.

இப்போது கதவுக்குப் பக்கத்திலேயே, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். நகத்தில் போகாத சிவப்பைத் துணியால் துடைத்துக்கொண்டே. அம்மா கொல்லையில்.

கதவு தட்டுகிறார்கள்.

மெதுவாகத்தான். அப்பா துடைத்துக்கொண்டே இருக்கிறார். மறுபடி தட்டுகிறார்கள். நான்தான் போய் அவர் தோளில்