எம்லினுக்கு ஒரு டிக்கெட்

எம்லின்,

ஆட்டுக்கறி சூப் அடுப்புமேல இருக்கு, சுட வெச்சுச் சாப்பிடு. நான் மேட்ச் பார்க்கக் காலை ரயில்லயே கார்டிஃப் கிளம்பிட்டேன்.

நம்ம பையன் ஓவைன் இங்கிலாந்து அணிக்காக ரக்பி ஆடப் போனதிலிருந்து நீ அவனோட பேசலை, ஒரு வருஷம் ஆச்சு. இந்த ஆறு நாடுகள் போட்டியில இன்னைக்குத்தான் நம்ம வேல்ஸுக்கு எதிரா இறங்குறான். நேத்து போன்ல, "அப்பா யாருக்காகக் கத்தினாலும் சரிம்மா, அந்தச் சத்தம் எனக்குக் கேட்கணும்"னான்.

உன் மேட்ச் டிக்கெட் கடிகாரத்துக்குப் பின்னால இருக்கு. பன்னிரண்டு மணிக்கு இன்னொரு ரயில் உண்டு.

நெரிஸ்

பி.கு.: நம்ம வேல்ஸ் அணியோட சிவப்புச் சட்டையே போட்டுக்கிட்டு வா. நானும் சிவப்புதான். அவன் பந்தோட ஓடுறப்போ மட்டும் நான் எந்தக் கட்சின்னு கேட்காதே.