கோடு தொடங்கிய ஆண்டு

வெள்ளிக்கிழமை, இரவு

வெள்ளவத்தையில் வாடகைக்கு நடத்தும் லப்டொப் கடையைப் பூட்டிவிட்டு வந்த அண்ணா, பூட்டின திறப்பை மேசையில் போட்டதும் போனை நீட்டினார். யாரோ அவருக்கு அனுப்பிய வரைபடம். லப்டொப் விற்பனைக் கோடு விழுகிறது, கார் விற்பனைக் கோடு ஏறுகிறது.

"பார் தங்கச்சி, படிச்ச ஆக்கள் கீறினது. இனி லப்டொப் யாவாரம் சரிவராது. கார் விக்கப் போறன். நாளைக்குக் கடைத் திறப்பை ஓனரிட்டக் குடுக்கிறன்."

அதைக் கீறியவள் நான்தான். லப்டொப் கோட்டை, ஊரடங்கில் எல்லோரும் வாங்கிக் குவித்த ஆண்டிலிருந்து தொடங்கினேன். கார் கோட்டை, இறக்குமதித் தடையால் புதிதாக ஒன்றும் வராத ஆண்டிலிருந்து. எங்கள் ஒபிஸ் மனேஜர் அப்படித்தான் கேட்டார். இந்த வரைபடம் போன அறிக்கைக்குக் காசு கொடுப்பவர் கார் விற்கிறவர். ஒரு எண்ணும் பொய்யில்லை என்று அன்றைக்கு என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

"நீயும் இந்த வேலைதானே செய்யிறாய். சரியாத்தானே கீறியிருக்கு?"

"சாப்பிடுங்கோ அண்ணா, பிறகு கதைப்பம்" என்றேன்.

சாப்பிட்டார், நிம்மதியாகப் படுத்துவிட்டார். கடைத் திறப்பு, நான் எழுதும் இந்தக் கொப்பிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. விடியமுன் எழுப்பிச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? அந்தக் கடைதான் என்னைப் படிப்பித்தது.