கழுவிய கார்டு

ஜூன் 3

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலம். அங்கும் எல்லோரும் நலம் என்றே நினைத்துக்கொள்கிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை, வாசலுக்கு வந்தால் கதவு திறப்பதில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அக்கா உங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு பதினேழு நாள். அவள் கதையைக் கேட்டிருப்பாய், என் பக்கத்தையும் கேள். கம்ப்யூட்டர் கொதிக்கிறது, விளையாட்டு நடுவில் திக்குகிறது என்று புலம்பியவள் அவள்தான். திறந்து பார்த்தேன். திரையில் படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டில் விரல் கனத்துக்குத் தூசி. நான் ஏ.சி. மெக்கானிக், தூசி படிந்த தகட்டைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஏ.சி. கழுவும் தண்ணீர்ப் பம்பாலேயே கழுவினேன், துடைத்தேன், மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் கருகிவிட்டது. அதற்கு, "வேணும்னே பண்ணினீங்க" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்திவிட்டுக் கிளம்பிவிட்டாள். நல்லது செய்யப் போனவனுக்குக் கிடைத்த பெயர் இது.

போகட்டும். முன்பிருந்ததைவிட நல்லதாக ஒரு கார்டு வாங்கி மாட்டி வைக்கிறேன். அந்தக் கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கொடுத்தவன் நீ. கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்ப்பவனும் நீ. இங்கே ஒரு கடையில் மூன்று விசிறி வைத்ததைக் காட்டினான், செங்கல் கனம் கனக்கிறது. இருப்பதிலேயே பெரியது அதுதானாம். வாங்கிவிடவா? அவளிடம் சொல்லாதே.

அன்புடன்,
மாமா

ஜூன் 7

மாமாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை, எழுதவும் இல்லை.

பத்துக்குப் பத்து அறைக்கு இரண்டு டன் ஏ.சி. கேட்டு வருகிறவனைப் பார்த்து நீங்கள் எப்படிச் சிரிப்பீர்களோ, அப்படித்தான் உங்கள் செங்கல்லைப் படித்துச் சிரித்தேன். நீங்கள் சொல்கிற அது அந்தப் பெட்டிக்குள் நுழையாது. நுழைந்தாலும் அதற்குக் கொடுக்க மின்சாரம் போதாது.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறீர்கள். இருந்தாலும் கேட்டதால் சொல்கிறேன். அதை நான் சேர்த்துக் கொடுத்துப் பல வருஷம் ஆகிறது, அளவுகள் சரியாக நினைவில்லை. பவர் சப்ளையில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது, பெட்டிக்குள் நீளம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம், இந்த மூன்றையும் பாருங்கள். பிறகு, அக்கா என்ன விளையாடுகிறாள்? கார்டைத் தீர்மானிப்பது அதுதான். ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு இதைச் சொல்ல யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் தம்பி

ஜூன் 11

மச்சானுக்கு,

மச்சான் என்றுதான் எழுதுவேன். உனக்குப் பிடிக்காவிட்டால் அந்த வார்த்தையை மட்டும் அடித்துவிட்டுப் படி.

பவர் சப்ளை ஐந்நூற்றைம்பது வாட். உள்ளே இருபத்தொன்பது சென்டிமீட்டர், டேப் வைத்து இரண்டு முறை அளந்தேன். திரை இருபத்து நான்கு அங்குலம். விளையாட்டின் பெயர் தெரியாது. துப்பாக்கி வைத்துக்கொண்டு ஓடுவார்கள். அஞ்சு பேர் ஒரு அணி, இவள்தான் தலைவி. மற்ற நாலு பேரும் எந்த ஊர், எந்தத் தேசம் என்று இவளுக்கே தெரியாது, ஆனால் அவர்களோடு அப்படி ஒரு சிரிப்பு. மறுநாள் ஏதோ இறுதிப் போட்டி என்று குதித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் இந்த எழவு நடந்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய?

உன் குத்தல் பேச்சை எல்லாம் பொறுத்துக்கொள்கிறேன், கார்டு வேண்டும் என்பதால். ஆனால் வேண்டுமென்றே செய்தேன் என்று பழி போட்டதற்கு அவள் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கட்டும். நான் ஒன்றும் ஊர் ஏச வாழ்கிறவன் இல்லை.

மாமா

ஜூன் 14

மாமாவுக்கு,

இரண்டு விசிறி வைத்த நடுத்தரக் கார்டு போதும். இருபத்து நான்கு சென்டிமீட்டர் நீளம், எட்டு ஜி.பி. நினைவகம், ஐந்நூற்றைம்பது வாட்டில் அமைதியாக ஓடும். மாதிரிப் பெயரைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன், கடைக்காரன் வேறெதைக் காட்டினாலும் தலையாட்டாதீர்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவள் மன்னிப்புக் கேட்கட்டும் என்கிறீர்கள். அக்கா இங்கே ஒரு வாரமாக அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறாள். "என் வாய்தான்டா காரணம். அவரு பாவம், நல்லதுக்குத்தான் பண்ணினாரு. நான்தான் அவசரப்பட்டு வாயை விட்டுட்டேன்." வரும் ஞாயிற்றுக்கிழமை அங்கே வருவதற்குப் பெட்டி கட்டிவிட்டாள்.

நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஏனென்றால் போன கோடையில் எங்கள் வீட்டு ஏ.சி.யை நீங்கள் கழுவினீர்கள், ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். முதலில் மெயினை அணைத்தீர்கள். போர்டைப் பாலிதீன் பையால் சுற்றி, ஓரமெல்லாம் டேப் ஒட்டினீர்கள். "ஒரு சொட்டு உள்ள போனாலும் போர்டு போச்சு மச்சான்" என்றீர்கள். கழுவிய பிறகு மூன்று மணி நேரம் காய விட்டீர்கள். நான் அவசரப்படுத்தியதற்கு என்னைத் திட்டினீர்கள்.

அப்படிப்பட்ட மெக்கானிக், மனைவியின் கார்டைப் பம்பில் காட்டி, ஈரம் சொட்டச் சொட்ட மாட்டி, சுவிட்சைப் போட்டார் என்றால் நான் நம்ப வேண்டுமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்கள். அக்காவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. உங்கள் பதில் வரும்வரை அவள் பெட்டி இந்த வாசலைத் தாண்டாது.

தம்பி

ஜூன் 20

மச்சானுக்கு,

ஆமாம். தெரிந்துதான் செய்தேன்.

உனக்குத் திருப்திதானே? இப்போது முழுவதையும் கேள். வேலை முடிந்து வந்தால் அவள் காதில் ஹெட்போன். தனியாகச் சாப்பிட்டு, தனியாகத் தட்டுக் கழுவுவேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் நாலு பேருக்குக் கட்டளை போடுவாள், அவர்கள் கேட்பார்கள், அவள் சிரிப்பாள். ஒன்பது வருஷத்தில் என்னோடு அப்படிச் சிரித்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை, "நாளைக்கு சாயந்திரம் என்னைக் கூப்பிடாதீங்க" என்றாள். மறுநாள் எங்கள் கல்யாண நாள். அது அவளுக்கு ஞாபகமே இல்லை. அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் பம்பை எடுத்தேன். கை நடுங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு அவள் நேருக்கு நேர் "வேணும்னே" என்றதும் பயந்துபோனேன். அதனால்தான் அவளைவிடச் சத்தமாகக் கத்தினேன். அவள் சந்தேகப்பட்டது தப்பு என்று அவளையே நம்ப வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

நீ எழுதிக் கொடுத்த கார்டை வாங்கி நானே மாட்டினேன். நன்றாக ஓடுகிறது. இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டாதே. அவள் வரட்டும், முகத்தைப் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன். உன்னிடம் நான் கெஞ்சுவது இதுதான் முதல் தடவை.

மாமா

ஜூன் 24

மாமாவுக்கு,

காட்டினேன்.

நின்றபடியே இரண்டு முறை படித்தாள். கல்யாண நாளை மறந்தது தன் தப்புத்தான் என்றாள். அழவில்லை. பிறகு சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "கார்டு போனா போகுதுடா. அன்னிக்கே ஆமான்னு சொல்லியிருந்தா நாலு திட்டு திட்டிட்டு, வேற கார்டு வாங்கிட்டு, அங்கேயே இருந்திருப்பேன். ஒரு மாசமா என்னை நானே கெட்டவள்னு நெனச்சுக்கிட்டுத் தூங்காம கெடந்தேன். அதைத் தெரிஞ்சே விட்டாரு பாரு." இப்படிச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்து புடவைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினாள். நான் உதவப் போனேன், வேண்டாம் என்றாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடை வண்டியில் கம்ப்யூட்டரை எடுக்க வருகிறேன். நீங்கள் மாட்டிய கார்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். எது வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், நேற்றே போய் வாங்கிவிட்டாள். உங்களுடையது நல்ல கார்டுதான், ரசீது இருந்தால் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்.

அவள் வரமாட்டாள். நீங்கள் கதவைத் திறந்துவிட்டால் போதும், பேச வேண்டியதில்லை.

தம்பி