நாத்தனார் முடிச்சு

முதுகுளத்தூர்
19.1.2025

அன்புள்ள துர்கா மதினிக்கு,

மாலதி எழுதுகிறேன். போன் போட்டால் எடுக்கமாட்டேன் என்கிறீர்கள். வேறு நம்பரில் கூப்பிட்டாலும் எங்கள் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதென்றாலும் ஒரு தடவை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

எனக்கு இடுப்பில் படர்தாமரை வந்துவிட்டது மதினி. ஐப்பசியில் களையெடுக்கப் போய் நாள் முழுக்க நனைந்த பாவாடையோடு நின்றேன். நாடா கட்டும் இடத்தில் வட்டமாகத் தடித்தது. மெடிக்கலில் கேட்டதற்கு ஒரு டியூப் கொடுத்தார்கள். மூன்றே நாளில் அரிப்பு போன இடம் தெரியவில்லை. பூசுவதை நிறுத்தினால் இரண்டு பங்காக வந்தது. இப்படியே ஆறு டியூப் தேய்த்திருப்பேன். வயிறு, தொடை எல்லாம் பரவி, தோல் மெலிந்து கோடு கோடாகிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே துண்டு, ஒரே பாய். உங்கள் தம்பிக்கும் ஒட்டிக்கொண்டது. கடைசியில் பிள்ளை கவிப்ரியா கழுத்திலும் ஒரு வட்டத்தைப் பார்த்தேன்.

ராமநாதபுரத்தில் தோல் டாக்டரம்மாவிடம் போனோம். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். "ஏம்மா, நீ பூசுனதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு. அது அரிப்பை அமுக்கும், பூஞ்சைய வளத்துவிடும்" என்றார். இப்போது எங்கள் இருவருக்கும் மாத்திரை, பிள்ளைக்குக் களிம்பு மட்டும். வட்டத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலத்துக்குப் பூச வேண்டுமாம். மறைந்த பிறகும் சொன்ன நாள்வரை விடக்கூடாதாம். துணியை வெந்நீரில் அலசி உள்பக்கம் வெயில் படக் காயப்போடுகிறேன்.

எழுந்து வரும்போது உங்களைப் பற்றிக் கேட்டேன். கையில் செதில் உதிர்வதையும் நகத்தில் குழி விழுவதையும் சொன்னேன். "சொரியாசிஸ் மாதிரி இருக்கு. பாக்காம முடிவாச் சொல்ல முடியாது. ஆனா அது யாருக்கும் ஒட்டாதும்மா. ஒட்டுறது உன் இடுப்புல இருக்கு பாரு, அதுதான்" என்றார். எனக்குச் சீ என்றாகிவிட்டது.

வரும் சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் பிள்ளைக்கு மொட்டையும் காதுகுத்தும். அத்தை இல்லாமல் எப்படி? கல்யாணத்தன்று உங்கள் தம்பி அப்படிச் சொன்னது பெரிய தப்புதான். அவருக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்கள்
மாலதி


அக்காள்மடம்
27.1.2025

மாலதிக்கு,

கடிதம் கிடைத்தது. மிச்சம் டியூப் இருந்தால் முதலில் குப்பையில் போடு. பிள்ளைக்குப் பால் கொடுப்பதை டாக்டரம்மாவிடம் சொல்லித்தானே மாத்திரை வாங்கினாய்? இல்லையென்றால் உடனே கேள்.

எனக்கு இருப்பது சொரியாசிஸ்தான். பெரியாஸ்பத்திரியில் எப்போதோ சொல்லிவிட்டார்கள். தோல் தன்பாட்டுக்கு அவசரமாக வளர்ந்து உதிர்கிறதாம். களிம்பு பூசினால் அடங்கும், பிறகு வரும். நகம் தேறத்தான் மாசக்கணக்கில் ஆகிறது. இங்கே நான் வேலை பார்க்கும் லாட்ஜில் வருகிறவர்களுக்குச் சாவியைக் கையில் கொடுக்கமாட்டேன். மேசையில் வைத்து நகர்த்திவிடுவேன். பழகிப்போச்சு.

உன்மேல் எனக்கு என்ன கோபம்? நீ அன்றைக்கு மாலையோடு உட்கார்ந்திருந்த புதுப்பெண். உனக்கு என்ன தெரியும்?

தம்பி தர்மராஜுக்கு ஏழு வயதில் அம்மா போய்விட்டாள். அவனைக் குளிப்பாட்டி, தலைசீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியது இந்தக் கைதான். மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டால் மிச்சம் இரண்டும் நாத்தனார் போடுவது நம் வழக்கம். அதற்காக ஒரு மாசம் விடாமல் களிம்பு பூசிக் கையுறை மாட்டிக்கொண்டு திரிந்தேன். மருதாணி வைத்து நகத்தை மறைத்தேன். அன்று காலையில் அவன் வந்து, "அக்கா, நீ மேடைக்கு வர வேணாம். பெரியப்பா மக போடட்டும்" என்றான். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பந்தியில் ஒரு வாய் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் ஆறியிருக்கும். அவன் சொன்னது ஆறமாட்டேன் என்கிறது. நான் வரவில்லை. பிள்ளைக்கு என் முத்தம்.

துர்காதேவி


முதுகுளத்தூர்
5.2.2025

மதினி,

உங்கள் கடிதத்தை உங்கள் தம்பி கேட்டார். காட்டவில்லை. காட்ட எனக்கு முகம் இல்லை.

அன்றைக்கு அதைச் சொன்னது அவர் இல்லை மதினி. நான்தான். பரிசம் போட வந்தபோது நீங்கள் எனக்குப் பூ வைத்துவிட்டீர்கள். அப்போதே உங்கள் நகத்தைப் பார்த்துவிட்டேன். வீட்டுக்குப் போய் இரண்டு தடவை தலைக்குக் குளித்தேன். கல்யாணத்தன்று காலை அவருக்குப் போன் போட்டு, "ஒங்க அக்கா கை எங் கழுத்துல பட்டா நான் மணவறைக்கு வரமாட்டேன்" என்றேன். அவர் கெஞ்சினார். "அப்ப வேற பொண்ணு பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டேன். மண்டபம் நிறைய ஆள் இருக்கும்போது அவர் என்ன செய்வார்?

அவர் என் பேரைச் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நானும் நல்ல பிள்ளை மாதிரி இருந்துவிட்டேன். வாராவாரம் அவர் உங்களுக்குப் போன் போட்டு, நீங்கள் எடுக்காததால் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் சோறு போட்டேன். போன கடிதத்தில்கூடப் பழியை அவர் தலையிலேயே போட்டேன். வியாதி உங்களிடம் இருக்கிறது என்று ஒதுக்கினேன். கடைசியில் பெற்ற பிள்ளைக்குத் தொற்ற வைத்தவள் நான்.

என்னைத் திட்டுங்கள். அவரோடு பேசுங்கள் மதினி. காலில் விழுந்து கேட்கிறேன்.

மாலதி


அக்காள்மடம்
14.2.2025

மாலதிக்கு,

தம்பியைக் கூப்பிட்டேன். "ஏலே, ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன். "சொன்னா நீ அவள வெறுத்துருவக்கா. என்னையன்னா நாலு திட்டுத் திட்டிட்டுச் சேந்துக்கிருவன்னு நெனச்சேன்" என்றான். இரண்டரை வருஷம் அவன் போனை எடுக்காமல் இருந்த பாவி நான். அந்தப் பாவத்தில் உன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

சிவராத்திரிக்கு வருகிறேன். காலை பஸ்ஸில் வந்துவிடுவேன், தம்பியை நிற்கச் சொல்லியிருக்கிறேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. நீ உண்மையை எழுதியிருக்கும்போது நான் பொய் எழுதக்கூடாது.

மாத்திரையைப் பாதியில் விட்டுவிடாதே. கோயிலில் என் காலில் விழுந்து அழுது வைக்காதே, ஊர் பார்க்கும். பிள்ளையைக் கொண்டுவந்து என் கையில் கொடு. கொடுத்துவிட்டு நீ கொஞ்சம் தள்ளி நில். எத்தனை நாளைக்கு என்று எனக்கே தெரியவில்லை.

துர்காதேவி