உம்மா கழுவிய வாளிகள்

கூடப் பிறந்த என்ட காக்கா,

இல்லை, நீங்கள் கட்டிய எரிவாயுத் தாங்கி வெடிக்கவில்லை. குழாயும் சரி. பதினொரு நாளாக அடுப்புக்குக் காஸ் வரவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகும் நான் லொறியை நிறுத்தவில்லை. அறுகம்குடா ஹோட்டல்களில் மிஞ்சும் சோறு, மீன்தலை, பழத்தோல் எல்லாம் நம் ஊர் பாலமுனைக்கு வருகிறது. உங்கள் தாங்கியில் கொட்டுகிறேன். அது புளித்துக் காஸாகிறது. வடியும் கரைசல் உரமாக உப்புப் பிடித்த நம் கீழ்வயலுக்குப் போகிறது. வரம்போரம் கொஞ்சம் பச்சை தெரிகிறது. பார்க்க நீங்கள் இல்லை.

சுற்றுலாக்காரர் மிச்சம் வைப்பதில் பன்றி இறைச்சியும் இருக்கும். வேறாக்கித் தரச் சொன்னீர்கள். ஹோட்டல்காரர் தலையாட்டினார்கள். கலந்துதான் வந்தது. நம் குழாயில் வரும் காஸில் சமைத்த பக்கத்து வீட்டு சபீனா மாமி அடுப்பை மூடிவிட்டா.

"பண்டி எரியிற நெருப்பில தேத்தண்ணியா? எனக்கு வேணாம் மகள். காக்காட ஞாபகத்துக்கு நீங்களே குடிங்க."

உம்மா எச்சில் வந்த வாளிகளை எடுத்தா. கழுவினா. ஒவ்வொரு வாளியையும் மார்க்க முறைப்படி ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் சேர்த்து. அதற்குமேல் ப்ளீச். கழுவிய தண்ணீர் முழுக்கத் தாங்கிக்குள். மகன் வைத்துப்போனது சுத்தமாக இருக்கவேண்டுமாம்.

நேற்றுத்தான் கண்டேன். கத்திவிட்டேன்.

"ஏன் மகள், கிருமி சாகும்தானே?"

"ஓம் உம்மா. அந்தக் கிருமிதான் காஸ் தாறது."

தேய்த்துக்கொண்டிருந்த தேங்காய்ப் பொச்சைக் கீழே வைத்தா. "அவன் எனக்கு இதக் கதைக்கல்லயே."

ஏன் கதைக்கவில்லை, காக்கா? வந்த வெள்ளைக்காரருக்கும் அதிகாரிகளுக்கும் படம் கீறி விளங்கப்படுத்தினீர்கள். உம்மா சமைக்கும் குசினி நாலு எட்டுத்தான். நானும் நடக்கவில்லை. பட்டம் வாங்கியவள்.

தாங்கியை இறைத்துத் திரும்பத் தொடங்க ஒரு மாதமாவது வேண்டும். ஹோட்டல்காரர் பொறுக்கமாட்டார்களாம். பழையபடி குப்பைமேட்டில் கொட்டுவார்கள், யானை பொலித்தீனோடு தின்னும். கீழ்வயலுக்கு நான் என்ன சொல்ல?

கோபம் உங்கள்மேல்தான். பாதி என்மேல்.

இனி இந்தத் தாங்கியில் எதைச் செய்தாலும் உம்மாவுக்கு முதலில் சொல்வேன். பிறகுதான் மற்றவர்களுக்கு.

இன்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு இறைத்தோம். மாட்டுப் பட்டிக்குப் போய், புதுக் கிருமிக்காக இரண்டு சாக்குச் சாணம் கேட்டு வாங்கினேன். உம்மா கரைத்தா, நான் ஊற்றினேன்.

உங்கள் தங்கச்சி