ஆடியில் குடிபோனவள்

9 ஜூலை 2006, ஞாயிறு
அண்ணன் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்திருக்கிறார். தங்கையை ராத்திரிச் செய்திக்கு அனுப்பக் கூடாதாம். பதினேழு வருஷமாக நிருபர் நான். வயது நாற்பத்தொன்று. ஏன் என்று கேட்டேன்.
"கல்யாணம் ஆவாத பொண்ணு நீ, பூங்கோதை. நாளைக்கி நாலு பேரு கேட்டா யாரு பதில் சொல்றது?"
நான் சொல்ல மாட்டேனா?

12 ஜூலை
அண்ணன் வீட்டை விட்டுத் தனியாகப் போக, வாடகைக்கு மூன்று வீடு பார்த்தேன். மூன்றிலும் ஒரே கேள்வி: கூட யார் இருப்பார்கள்?

18 ஜூலை
நேற்று ஆடி பிறந்தது. இனி ஒரு மாதம் யாரும் குடி மாற மாட்டார்கள். செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னால் கோதண்டபாணியின் வீடு காலியாகக் கிடக்கிறது. பீங்கான் பொம்மை சுடுபவர். ஆவணியில் பார்க்கலாம் என்றார். ஆவணியில் குடும்பங்கள் வந்துவிடும்; எனக்குக் கிடைக்காது. இப்போதே வருகிறேன் என்றேன்.
"ஆடியிலயாம்மா?"
"ஆமாங்க."
சாவியை எடுத்துக் கொடுத்தார். "சரி. பால் காய்ச்ச மட்டும் ஒரு சுமங்கலிய கூட்டியாங்க."

21 ஜூலை
பால் காய்ச்சப் பிரபா அண்ணியைக் கூப்பிட்டேன். அண்ணன்தான் பதில் சொன்னார். "ஆடியில குடிபோறவ கூட யாரு வருவா? போயிட்டு வா. ஒரு வாரம் தாங்க மாட்ட."
பார்க்கலாம்.

23 ஜூலை, ஞாயிறு
யாரும் வேண்டாம், நானே காய்ச்சுகிறேன் என்று அடுப்பைப் பற்றவைத்தேன். வாசலில் அம்மா. அண்ணன் வீட்டிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறாள். அப்பா இறந்தபின் எந்தப் புது வீட்டுக்கும் முதல் நாள் போகாதவள். படியேற மறுத்தாள்.
"நான் வரக்கூடாதுடி. நீ பொங்க வுடு. இங்கருந்தே பாத்துட்டுப் போறேன்."
எனக்கு அழுகையா கோபமா தெரியவில்லை. பால் செம்பை அவள் கையில் வைத்தேன். "நீதாம்மா ஊத்தணும். இது என் வூடு. யாரு வரலாம்னு நான்தான் சொல்லுவேன்."
படியேறி வந்து ஊற்றினாள். பொங்கியது. கோதண்டபாணி எட்டிப் பார்த்தார். கொடுத்த பாலை வாங்கிக் குடித்தார்.

30 ஜூலை
ஒரு வாரம் ஆயிற்று. வேப்பூரில் லாரி கவிழ்ந்த செய்தியை அனுப்பிவிட்டு வரப் பத்தரை. நானே பூட்டினேன், நானே திறந்தேன்.

20 ஆகஸ்ட், ஞாயிறு
ஆவணி. அம்மா வந்தாள். பையில் இரண்டு மாற்றுப்புடவை. சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்:
"நீ லேட்டாத்தான வருவ. இந்தப் பூட்டுக்கு இன்னொரு சாவி இருக்குதா?"